வாக், வாக்கெட், வாக்ட்: காதால் படித்தவரும் கண்ணால் படித்தவளும்

என் கைபேசியில் இரண்டு குரல் பதிவுகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே வாரத்தில் வாட்ஸ்அப்பில் வந்தவை. கேள்வியும் ஒன்றுதான்: போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள், இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

முதல் குரல் ஏற்காட்டிலிருந்து வந்தது. பின்னால் வண்டி ஓடும் சத்தம். "லாஸ்ட் சண்டே மார்னிங் ஐ பிக்கப் ஒன் ஃபேமிலி, தே கம் ஃப்ரம் பெங்களூர், ஐ டேக் தெம் லேக், ஆஃப்டர் வி வாக் டு பகோடா பாயிண்ட், ஒன் பாட்டிம்மா நாட் ஏபிள் டு வாக், ஐ கிவ் மை ஹேண்ட்..." இரண்டு நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை. பாட்டிம்மா என்ற சொல் ஆங்கிலத்தில் இல்லை என்ற கவலையே அவருக்கு இல்லை.

இரண்டாவது குரல் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து. முதலில் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கிறது. "லாஸ்ட் சண்டே..." மறுபடியும் ஃபேன். "ஐ... வாக்கெட்... டு தி டெம்பிள்... வித் மை... மதர்." மொத்தம் ஏழு வாக்கியம். எழுத்தில் போட்டுப் பார்த்தால் ஆறில் ஒரு பிழைகூட இல்லை. ஒரு நிமிடம் முடியும்போது "சாரி மிஸ்" என்று தமிழ்க்குரலில் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள்.

முதலாமவர் தானாகப் படித்தவர். இரண்டாமவள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனவள். இரண்டு பேரும் தடுமாறியது ஒரே சொல்லில். "நடந்தேன்" என்பதற்கு அவர் "வாக்" என்கிறார், இவள் "வாக்கெட்" என்கிறாள். சரியான உச்சரிப்பு "வாக்ட்". அவர் கடைசி ஒலியை விழுங்கிவிட்டார். இவள் எழுத்தில் இருப்பதை எல்லாம் வாசித்துவிட்டாள். ஒருவர் காதால் படித்தவர், இன்னொருவள் கண்ணால் படித்தவள். பதினாறு வாரம் இவர்களோடு உட்கார்ந்ததில் நான் பார்த்ததெல்லாம் இந்த ஒற்றைச் சொல்லிலேயே முன்கூட்டி இருந்தது. எனக்குத்தான் அது தெரிய நாளாயிற்று.

நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது அஸ்தம்பட்டியில் என் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் நாலைந்து பேருக்குச் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: "மிஸ், யூடியூப் பார்த்தே கத்துக்கலாமா, இல்ல கிளாஸுக்குத்தான் போகணுமா?" ரெண்டும் வேணும்பா என்று இத்தனை வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பில்லை, ஆனால் கேட்டவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எது எப்போது, எவ்வளவு என்று சொன்னால்தானே பதில்?

தங்களைப் பற்றி நான் எழுத இருவரும் சம்மதித்தார்கள். பெயர் வேண்டாம் என்றார்கள், அதனால் போடவில்லை.

மலைத் தம்பி

ஏற்காட்டில் சுற்றுலா கார் ஓட்டுகிறார். முப்பதை நெருங்கும் வயது. பத்தாவது வரை தமிழ் வழி. அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். 1820களில் சேலத்துக் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்த நாளிலிருந்தே சேர்வராயன் மலையில் ஆங்கிலம் புழங்குகிறது. ஆங்கில வழி மாண்ட்ஃபோர்ட் பள்ளி இங்கே 1917இல் தொடங்கியது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர், ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெளியே நின்று கேட்டு வளர்ந்தார். "உள்ள மணி அடிக்கும், பசங்க கத்திக்கிட்டே ஓடுவாங்க மிஸ். என்ன கத்துறாங்கன்னு மட்டும் தெரியாது" என்றார்.

அவருடைய வகுப்பறை வண்டிதான். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பின்சீட்டில் என்ன பேசினாலும் காதில் விழும். வார இறுதியில் வருகிறவர்களில் பெங்களூர்க்காரர்கள் நிறைய. அவர்கள் வீட்டுக்குள்ளேயே பாதி ஆங்கிலம்தான். சவாரி இல்லாத நேரத்தில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வீடியோ கேட்பார். பார்ப்பதுகூட இல்லை, கேட்பதுதான். நாலு வருஷமாய் இப்படி. நோட்டு ஒன்றுகூடப் போட்டதில்லை.

பலன் பெரியது. யாரிடம் வேண்டுமானாலும் பேசுவார். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏன் படர விடுகிறோம், காப்பிக்கு நிழல் ஏன் வேண்டும் என்று பத்து நிமிடம் விளக்குவார், கேட்பவருக்கும் புரியும். பிறகு ஏன் என்னிடம் வந்தார்? ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் வேலை இருக்கிறது என்று போயிருக்கிறார். பேசிப் பார்த்தவர் சிரித்துக்கொண்டே, "யுவர் இங்கிலீஷ் ஈஸ் டிரைவர் இங்கிலீஷ்" என்றாராம். அந்தச் சிரிப்புதான் அவரை மலையிலிருந்து இறக்கியது.

செவ்வாய்ப்பேட்டைப் பெண்

என் பழைய மாணவியின் மகள். பி.காம். முதல் வகுப்பு. வீட்டில் கொலுசுப் பட்டறை. கீழே கம்பி இழுக்கிற மெஷினும் பத்தவைக்கிற ஊதுகுழலும், மாடியில் இவள் பார்க்கிற கணக்கும் கூரியரும். வெளி மாநில வியாபாரிகள் போன் செய்தால் இந்தி தெரிந்த சித்தப்பாவைக் கூப்பிடுவாள். சித்தப்பா இல்லாவிட்டால் போனை எடுக்கவே மாட்டாள்.

மூன்று மாத வகுப்புக்குப் பணம் கட்டிப் போயிருக்கிறாள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் நோட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு காலங்களும் கட்டம் கட்டி, இரண்டு வண்ணப் பேனாவில். அச்சடித்தது போல் இருந்தது. அந்த ஆசிரியர் உழைத்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர வகுப்பு, இருபது பேர். ஆசிரியர் பாதி நேரம் பேசினால் மிச்சம் முப்பது நிமிடம். ஆளுக்கு ஒன்றரை நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள் போனாலும் ஏழரை நிமிடம். அதையும் கூச்சப்படாத நாலு பேர் எடுத்துக்கொள்வார்கள். இவள் மூன்று மாதத்தில் மொத்தமே ஒரு மணி நேரம் வாய் திறந்திருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம்.

"மூன்றே மாதத்தில் சரளமான ஆங்கிலம்" என்ற தட்டியைச் சேலத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் பார்க்கலாம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் தன் அதிகாரிகளுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க சுமார் 44 வாரம், 1,100 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. சம்பளம் கொடுத்து, முழுநேரமாக, சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைத்து. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு உள்ள தூரம்தானே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும்? நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்தே ஆங்கிலம் படித்து வருகிறார்கள், அதனால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மூன்று மாதம், தினம் ஒரு மணி நேரம் என்பது அறுபது சொச்சம் மணிதான். தட்டி எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்காது.

முதல் ஐந்து வாரம்: என் தப்பு

இருவரையும் தனித்தனியாகத்தான் பார்த்தேன். வாரத்துக்கு ஒரு நாள், நாற்பது நிமிடம். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் நடுவில் ஒன்று உண்டு: ஒரு அட்டையில் தலைப்பு, யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம் வரை. அந்த அச்சையே எடுத்துக்கொண்டேன்.

மலைத் தம்பியை முதல் நாளிலிருந்தே திருத்தினேன். "ஐ டேக்" என்றால் "டுக்" என்பேன். "தே கம்" என்றால் "கேம்". "டுமாரோ ஐ வில் கோயிங்" என்றால் நிறுத்தி விளக்கம். எனக்குப் பழக்கம் அது, சிவப்புப் பேனா கை. மூன்றாவது வாரம் அவர் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் முன்னால் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நாலாவது வாரம் பேச்சு பாதியாகிவிட்டது. ஐந்தாவது வாரம் வரவில்லை. சீசன், வண்டி ஓய்வில்லை என்று செய்தி மட்டும் வந்தது. ஆடி மாதத்தில் மலையில் என்ன சீசன்?

பிறகு அவராகவே சொன்னார்: "மிஸ், உங்ககிட்ட வந்ததுக்கப்புறம் கஸ்டமர்கிட்டயும் வாய் வரல. ஒரு நாள் முழுக்க 'யெஸ் சார், நோ சார்'னே ஓட்டுனேன்." நாலு வருஷம் தனியாகச் சம்பாதித்த தைரியத்தை நாலு வாரத்தில் நான் கரைத்திருந்தேன். இதை எழுத எனக்குக் கூச்சம்தான். ஆனால் ஆசிரியர் வழிகாட்டுதல் என்றால் எப்போதும் நல்லது என்று நினைப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டைப் பெண்ணிடம் வேறு விதமாகத் தப்புச் செய்தேன். அவள் பயந்தவள் என்று நாசூக்காகத் திருத்தினேன். அவள் "ஐ வாக்கெட் டு தி டெம்பிள்" என்றால் நான் சிரித்துக்கொண்டே "ஓ, யூ வாக்ட் டு தி டெம்பிள்?" என்பேன். அவளும் சிரித்துக்கொண்டே "யெஸ் மிஸ்" என்பாள். ஐந்து வாரமும் இந்த நாடகம்தான். கோயிலுக்குப் போனேனா இல்லையா என்று மிஸ் கேட்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். திருத்தம் என்று தோன்றவே இல்லை.

கனடாவில் லிஸ்டர், ரான்டா என்ற இருவர் பிரெஞ்சு வழி வகுப்புகளைக் கவனித்து 1997இல் இதைத்தான் எழுதினார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் இப்படிச் சரியாகத் திருப்பிச் சொல்வதுதான். மாணவர்கள் தங்கள் பிழையை மாற்றிச் சொன்னது மிகக் குறைவாக இருந்ததும் இந்த வகைத் திருத்தத்துக்குப் பிறகுதான். படித்திருந்தேன், பாடமும் எடுத்திருக்கிறேன். என் திண்ணையில் எனக்கே நடந்தபோது கண்ணுக்குத் தெரியவில்லை.

தானாகவே பிடிக்க முடிந்ததும் முடியாததும்

ஆறாவது வாரம் மலைத் தம்பியிடம் திருத்துவதையே நிறுத்தினேன். ஒரு வேலை மட்டும் கொடுத்தேன்: உங்கள் பதிவை நீங்களே கேட்டு, பேசினது பேசினபடி எழுதிக் கொண்டு வாங்க. தமிழ் எழுத்திலேயே எழுதலாம். எனக்கு அனுப்ப வேண்டாம், பார்க்கவும் மாட்டேன்.

அடிவாரத்தில் சவாரிக்குக் காத்திருந்த ஒரு மத்தியானத்தில் எழுதியிருக்கிறார். பெட்ரோல் பில்லின் பின்பக்கம். அடுத்த வாரம் வந்து, உட்காருவதற்கு முன்னாலேயே, "இது நானா பேசினது மிஸ்? எல்லாமே இன்னிக்கு நடக்கிற மாதிரியே சொல்லியிருக்கேன்" என்றார். "டேக்" எல்லாவற்றையும் அடித்து "டுக்" போட்டிருந்தார். "கம்" எல்லாம் "கேம்". நான் நாலு வாரம் கத்தியது அத்தனையும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வாய்தான் கேட்கவில்லை.

ஆனால் பில்லில் அடிபடாமல் தப்பித்த வரிகளும் இருந்தன. "வேர் யூ ஆர் ஸ்டேயிங்?" "வாட் டைம் யூ வில் கம்?" "ஹவ் மெனி டேஸ் யூ ஆர் ஹியர்?" மூன்றையும் அவர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார், ஒன்றும் உறுத்தவில்லை. எப்படி உறுத்தும்? தமிழில் "எங்க தங்கியிருக்கீங்க" என்று கேட்க வாக்கியத்தில் எதையும் இடம் மாற்றுவதில்லை. அதைவிட முக்கியம், நாலு வருஷமாய் அவர் அப்படிக் கேட்ட ஒவ்வொரு தடவையும் கஸ்டமர் ஓட்டல் பெயரைச் சொல்லியிருக்கிறார். கேள்வி வேலை செய்தது. வேலை செய்கிற ஒன்றை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

இந்த இடத்தில்தான் எனக்கு வழி தெரிந்தது. பிட் கோர்டர் என்ற மொழியியலாளர் 1967லேயே இரண்டையும் பிரித்திருக்கிறார். தெரிந்தும் வாய் தவறுவது ஒன்று, தெரியாமலே தவறாகச் சொல்வது இன்னொன்று. முதலாவதற்கு ஆசிரியர் தேவையில்லை. கைபேசியும் ஒரு துண்டுக் காகிதமும் போதும். ஆசிரியர் அங்கே மூக்கை நுழைத்தால் நேரமும் வீண், தைரியமும் போகும். இரண்டாவதற்கு எத்தனை வருஷம் தனியாகப் பேசினாலும் தானாக விடிவு வராது.

வராது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. ஹவாயில் வாழ்ந்த ஒரு ஜப்பானிய ஓவியரைச் சுமார் மூன்று வருஷம் கவனித்து, ரிச்சர்ட் ஷ்மிட் 1983இல் எழுதினார். ஆய்வில் அந்த ஓவியரின் பெயர் வெஸ். வகுப்புக்குப் போகாமல், பழகியே ஆங்கிலம் கற்றவர். நண்பர்கள், வியாபாரம், அரட்டை எல்லாம் ஆங்கிலத்தில். பேசும் திறன் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது, இலக்கணம் மட்டும் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது. என் மலைத் தம்பி அந்த வெஸ்ஸின் ஒன்றுவிட்ட தம்பி.

பேசும் மென்பொருள்கள் வந்துவிட்டனவே, அவை திருத்தாதா என்று கேட்பீர்கள். அவரும் ஒன்றை முயன்றார். "வேர் யூ ஆர் ஸ்டேயிங்" என்று அதனிடம் கேட்டால், அது மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. பெங்களூர் கஸ்டமரைவிடப் பொறுமையான கஸ்டமர், அவ்வளவுதான். "என் தப்பைச் சொல்லு" என்று கேட்டால் சொல்கிறது. ஆனால் தன்னிடம் தப்பு இருப்பதே தெரியாதவர் எதைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்?

ஆகவே அவருக்கு நான் வைத்த மருந்து ஒன்றே ஒன்று: கேள்வி வாக்கியம். ஐந்து வாரம் வேறு எதையும் தொடவில்லை. "ஆர் யூ" முன்னால், "டூ யூ" முன்னால், "வில் யூ" முன்னால். நாற்பது நிமிடத்தை இருபதாக்கிவிட்டேன். பாதி நேரம் கொண்டை ஊசி வளைவுகளை மனசுக்குள் எண்ணியபடி, வளைவுக்கு ஒரு கேள்வி என்று போனிலேயே நடந்தது. (வண்டியை நிறுத்திவிட்டுத்தான். அதில் நான் கறார்.)

வெள்ளியை நிறுப்பவள்

செவ்வாய்ப்பேட்டைப் பெண்ணுக்கு இதற்கு நேர் எதிர் வைத்தியம். வெள்ளியை மில்லிகிராம் வரை நிறுத்துக் கொடுக்கிற வீட்டில் பிறந்தவள், சொல்லையும் அப்படியே நிறுத்தாள். முதலில் தமிழில் ஒரு வாக்கியம் கட்டுவாள், அதை ஆங்கிலமாக்குவாள், நோட்டில் எந்தக் கட்டம் என்று தேடுவாள், பிறகுதான் வாய் திறப்பாள். அதற்குள் எதிரில் இருப்பவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

நோட்டை வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "பேச வேண்டியதை எழுதி மனப்பாடமாவது பண்ணிக்கட்டுமா மிஸ்?" "வேண்டாம் கண்ணு."

கொடுத்த பயிற்சி பழையது, பலர் கையாண்டது. ஒரே விஷயத்தை நாலு நிமிடம் ஒருவரிடம், பிறகு மூன்று நிமிடத்தில் இன்னொருவரிடம், பிறகு இரண்டு நிமிடத்தில் மற்றொருவரிடம் சொல்ல வேண்டும். விஷயம் மாறாது, நேரம்தான் சுருங்கும். சுருங்கச் சுருங்கத் தமிழில் கட்டி மாற்றுவதற்கு அவகாசம் இருக்காது. ஆசிரியர் இதில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நாலு நிமிடம் கைபேசியிடம், மூன்று நிமிடம் காலேஜ் போகிற சித்தப்பா மகனிடம், இரண்டு நிமிடம் போனில் என்னிடம். விஷயம் பட்டறையிலிருந்தே: கொலுசு எப்படிச் செய்கிறோம். முதல் வாரம் கம்பி இழுப்பதைச் சொல்லும்போதே நாலு நிமிடம் முடிந்துவிட்டது. நாலாவது வாரம் கம்பி, கண்ணி, பத்தவைப்பு, மெருகு என்று இரண்டு நிமிடத்துக்குள் கொண்டு வந்துவிட்டாள். "ஹூக்கு" என்றுதான் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த "ஹூக்கு"க்கு ஒரு காரணம் உண்டு, சொல்லிவிட்டுப் போகிறேன். தமிழ்ச்சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. நன்னூலும் சொல்லும் விதி, நம் நாக்கில் ஊறிய விதி. அதனால்தான் புக் நமக்கு புக்கு, கேட் நமக்கு கேட்டு. "வாக்ட்" என்பதிலோ கடைசியில் இரண்டு வல்லினம் ஒன்றின் முதுகில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. காதால் படித்தவருக்கு அந்த இரண்டாவது ஒலி கேட்பதே இல்லை, விட்டுவிடுகிறார். கண்ணால் படித்தவள் எழுத்தைப் பார்த்துவிடுகிறாள், நாக்கு இடம் கொடுக்காததால் நடுவில் ஒரு 'எ' வைத்து உடைக்கிறாள். இரண்டு பேரும் சோம்பேறிகள் இல்லை, தமிழர்கள்.

அந்தக் கடைசி ஒலிக்கு மூன்று உருவம் வேறு. வாக்ட்டில் கடுமையாக, ப்ளேய்ட்டில் மென்மையாக, வான்டட்டில் தனி அசையாக. நம் எழுத்தில் முதல் இரண்டுக்கும் ஒரே 'ட்'தான். அதனால் நோட்டில் எழுதிக் காட்டிப் பயனில்லை. தொண்டையில் விரலை வைத்து, அதிர்கிறதா இல்லையா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். இங்கே ஆள் வேண்டும். பதினோராவது வாரம் அவளுக்கு இதைச் செய்தேன். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்லவில்லை. "வாக்...?" என்று பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவள் தொண்டையைத் தொட்டுப் பார்த்து, இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை "வாக்ட்" என்றாள். சொல்லிவிட்டு, "இத்தனை நாள் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தீங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

நடந்தது

பதிமூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, ஹைதராபாத்திலிருந்து ஒரு வியாபாரி போன் செய்திருக்கிறார். பார்சலில் நாலு ஜோடி குறைகிறது என்று கோபம். சித்தப்பா லீ பஜார் போயிருந்தார். இவளே எடுத்தாள். பிறகு எனக்கு விவரம் சொன்னபோது, தான் பேசியதை அப்படியே பேசிக் காட்டினாள். "வி ஹேவ் சென்ட் யெஸ்டர்டே இன் டூ பாக்ஸஸ், சார். செகண்ட் பாக்ஸ் வில் ரீச் டுடே. ப்ளீஸ் செக் அண்ட் கால் மி." யெஸ்டர்டே வந்தால் ஹேவ் வரக்கூடாது. அவள் நோட்டில் அந்த விதி நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறது, நானே பார்த்தேன். வியாபாரி மாலையில் கூப்பிட்டு, இரண்டாவது பெட்டி வந்தது என்று சொல்லிவிட்டு வைத்தார். நான் திருத்தவில்லை. அந்தத் தப்பு அவளுக்குத் தெரிந்த தப்பு, பதிவைக் கேட்டால் அவளே பிடிப்பாள்.

அலமாரி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது பேசிவிட்டுப் பிறகு நோட்டைப் பார்க்கிறாள். அந்த ஆசிரியர் போட்ட கட்டங்கள் வீணாகவில்லை.

மலைத் தம்பியின் கேள்விகள் மெதுவாகத்தான் திரும்பின. பன்னிரண்டாவது வாரம்கூட என்னிடம் சரியாகக் கேட்பார், கஸ்டமரிடம் பழையபடி. பிறகு ஒரு சனிக்கிழமை, பழைய பேருந்து நிலையத்தில் ஒரு குடும்பத்தை ஏற்றும்போது, "வேர் யூ..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, "வேர் ஆர் யூ ஸ்டேயிங்?" என்று முடித்திருக்கிறார். தானாகவே. சந்தோஷத்தில் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தாராம். பின்சீட்டில் இருந்த அம்மா, "தம்பி, நாங்க ஓசூருங்க, தமிழ்லயே பேசுங்க" என்றாராம்.

விடுதி வேலைக்கு அவர் இன்னும் மறுபடி போகவில்லை. போவாரா என்று நான் கேட்பதும் இல்லை.

இந்த ஆய்வின் ஓட்டைகளையும் சொல்ல வேண்டும். ஆள் இரண்டே பேர். வயது வேறு, படிப்பு வேறு, தேவை வேறு. பாடம் எடுத்ததும் நான், மார்க் போட்டதும் நான். இடையில் என் முறையையும் மாற்றிவிட்டேன். இதை வைத்து எல்லாருக்கும் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திண்ணைக்கு வந்து யூடியூபா கிளாஸா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது மாறிவிட்டது. முதலில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யச் சொல்கிறேன், அதை அவர்களையே எழுதித் திருத்தச் சொல்கிறேன். திருத்தியதில் அவர்கள் பிடித்ததை நான் தொடுவதில்லை. பிடிக்காமல் விட்டதில் எது அடிக்கடி வருகிறதோ அது ஒன்றுக்கு மட்டும் என்னிடம் வரலாம். எழுதவே வரியில்லாமல் பதிவு காலியாக இருந்தால் அவருக்கு ஆசிரியரும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம், நாலு நிமிடம் கேட்க ஒரு சித்தப்பா மகன் வேண்டும். இதனால் என் வருமானம் குறைந்திருக்கிறது. வீட்டில் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

பதினாறாவது வாரம் மறுபடியும் அதே கேள்வி அனுப்பினேன்: போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள். அவளுடையது இரண்டு நிமிடம் ஐந்து வினாடி. ஃபேன் சத்தம் இன்னும் கேட்கிறது, இடையிடையே மட்டும். அவருடையதில் "வாக்ட்" தெளிவாக விழுந்தது. அடுத்த வரியிலேயே "ஐ கட்டெட் தி கேக்" என்றும் வந்தது. கஸ்டமர் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாளாம். ஒலியை விழுங்கிக்கொண்டிருந்தவர் இப்போது வேண்டாத இடத்திலும் ஒட்டுகிறார். விதி உள்ளே போய்விட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. எதுவும் சொல்லாமல் விட்டேன்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு அவரிடமிருந்தே செய்தி வந்தது.

"மிஸ், கட் சரியா, கட்டெட் சரியா?"

"கட்தான் தம்பி. இன்னிக்கும் கட், நேத்தும் கட்."

கொஞ்ச நேரம் எழுதுகிறார், எழுதுகிறார் என்றே காட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நேத்துன்னு அவங்களுக்கு எப்படி மிஸ் தெரியும்?"